முகம் காட்டாதவர்களும் ஆளே இல்லாதவர்களும்: ஸ்வீடன் எலக்ட்ரோபாப் குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன்னால், ரிலீஸ் நெருங்கிய ஒரு வாரத்தில், ராத்திரி வேலை பார்க்கும்போது ஒரு பியானோ துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டரை நிமிஷம்தான் இருக்கும். குரல் இல்லை, தாளம் இல்லை. செயலி தானாகவே போட்டுக் கொடுத்த பட்டியலில் வந்தது. கலைஞர் பெயரைப் பார்த்தால் ஸ்வீடன்காரர் மாதிரி இருந்தது. ஸ்வீடன் பாப் மேல் எனக்கு இருபது வருஷப் பைத்தியம். ஆகா, புதுசா ஒருத்தர் கிடைச்சுட்டார்னு தேட ஆரம்பித்தேன்.

பேட்டி இல்லை. கச்சேரி இல்லை. புகைப்படம் இல்லை. அறிமுகம் என்று இரண்டு வரி இருந்தது, அது உலகத்தில் பியானோ வாசிக்கிற யாருக்கும் பொருந்தும். மூன்று ராத்திரி தேடினேன். மூன்றாவது ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்த என் மனைவி கேட்டாள்: "பாட்டு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் அந்த ஆளு யாரா இருந்தா என்ன? பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வி நியாயமானது. நான் உயிராய்க் கேட்கிற சில ஸ்வீடன் கலைஞர்கள் விஷயத்திலும் 'அந்த ஆளு யாரு' என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் மறைந்திருந்தால் பிடிக்கிறது, இவர் இல்லாமல் போனால் மட்டும் ஏன் குடைகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான தாமதமான பதில். கூடவே, புது ஸ்வீடன் கலைஞர்களைத் தேட நான் பயன்படுத்துகிற வழியையும், அந்த வழியில் இருக்கிற ஓட்டையையும் எழுதிவைக்கிறேன். (ஸ்வீடிஷ் பெயர்களை என் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

முகம் காட்டாதவர்கள்

முதலில் மறைந்திருப்பவர்கள். ஸ்வீடன் எலக்ட்ரோபாப்பில் இது ஒரு பரம்பரை என்றே சொல்லலாம்.

'த நைஃப்' என்பது கரின் ட்ரையர், ஓலோஃப் ட்ரையர் என்ற உடன்பிறந்த இருவரின் குழு. 1999-ல் கோதன்பர்க் நகரத்தில் ஆரம்பித்தார்கள். ராபிட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக லேபிள் வைத்துக்கொண்டார்கள். விளம்பரப் படங்களில் பறவை அலகு வைத்த கருப்பு முகமூடிதான். 2003-ல் ஸ்வீடனின் கிராமிஸ் விருது கிடைத்தபோது மேடைக்கு வரவில்லை. இசைத் தொழிலில் ஆண் ஆதிக்கத்தைக் கண்டித்து, கொரில்லா வேஷம் போட்ட இரண்டு பேரை அனுப்பினார்கள். உடையில் எழுதியிருந்தது '50/50'. 2006-ல் வந்த 'சைலன்ட் ஷௌட்' ஆல்பத்தில் கரின் தன் குரலையே சுருதி இறக்கி, ஏற்றி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஆக்கிவிட்டார். முகத்துக்கு மட்டுமில்லை, குரலுக்கும் முகமூடி.

இரண்டாவது, ஸாலி ஷபீரோ. புனைபெயர். உண்மைப் பெயரை அவர் வெளியே சொன்னதில்லை. எண்பதுகளின் இத்தாலிய டிஸ்கோ பாணியில், யொஹான் அகெபியோர்ன் என்ற தயாரிப்பாளர் மெட்டுப் போட, இவர் பாடினார். 2006-ல் 'டிஸ்கோ ரொமான்ஸ்' ஆல்பம் வந்தது. மேடையேறிப் பாடுவதில்லை. பாட்டுப் பதிவின்போது தயாரிப்பாளர் அறையில் இருந்தால்கூடக் கூச்சப்படுவார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூச்சம் பாட்டில் கேட்கும். டிரம் மிஷின் ஊரையே ஆடக் கூப்பிடுகிறது, இவர் குரல் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறது. அந்த இடைவெளிதான் அந்த ஆல்பம்.

மூன்றாவது, 'ஐஅம்அமிஹூஅமை'. வாயில் நுழையாத பெயர், வேண்டுமென்றே வைத்தது. 2009 டிசம்பரில் யூடியூபில் பெயர் தெரியாத ஒரு கணக்கிலிருந்து மர்மமான வீடியோக்கள் வர ஆரம்பித்தன. தலைப்புக்குப் பதில் எண்கள். எண்களை எழுத்தாக மாற்றினால் வார்த்தைகள் வரும். இணையம் முழுக்க ஊகம் கிளம்பியது. கிறிஸ்டினா அகிலேராவா? லிக்கே லீயா? த நைஃப் குழுவின் கரினா? கடைசியில் அது யோனா லீ என்ற ஸ்வீடன் பாடகி என்று தெரிந்தது. அதற்கு முன்னால் அவர் சாதாரணமாக கிட்டார் பாப் பாடிக்கொண்டிருந்தவர். முகத்தை மறைத்த பிறகுதான் அவர் இசைக்குத் தனி முகம் வந்தது.

மூன்று பேரும் மறைந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் மூன்று பேரையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லிவிடுவேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

யார் எழுதிய வரி இது?

இப்போது என் தேடும் வழி. புரோகிராமர்களுக்கு 'கிட் பிளேம்' என்ற கட்டளை தெரிந்திருக்கும். பழைய கோடில் ஒரு வரி புரியவில்லை என்றால் அந்தக் கட்டளையை அடிப்போம். ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பக்கத்தில் வந்துவிடும். பெயரில் 'பழி' என்று இருந்தாலும் நான் அதைப் பெரும்பாலும் பாராட்டத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். "அடடே, இதை எழுதினது யாருப்பா?"

பாட்டுக்கும் அதையே செய்கிறேன். ஒரு பாட்டு பிடித்துப் போனால் பாடகரின் அடுத்த பாட்டுக்குப் போவதில்லை. அந்தப் பாட்டை எழுதியவர், தயாரித்தவர் பெயரைப் பார்ப்பேன். அவர் வேறு யாருக்கு என்ன செய்திருக்கிறார் என்று போவேன். அங்கிருந்து அடுத்த ஆள். தமிழ் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. நாம் முதலில் கேட்கிற கேள்வியே "மியூசிக் யாரு?"தானே. பாடகர் பெயர் அப்புறம்தான். மேற்கத்திய பாப்பில் முகம் பாடகருடையது, அட்டையில் பெரிய எழுத்து பாடகருடையது. அதனால் அங்கே நம்ம பழக்கம் கொஞ்சம் வித்தியாசமான கதவுகளைத் திறக்கிறது.

ஸ்வீடன் விஷயத்தில் இது ரொம்பவே திறக்கும். 2000-ல் எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் கேசட் ஓடாத அறை கிடையாது. அமெரிக்கப் பையன்கள் பாடிய அமெரிக்கப் பாட்டு என்றுதான் நினைத்தோம். 'ஐ வாண்ட் இட் தட் வே' பாட்டை எழுதியது மேக்ஸ் மார்ட்டின், ஆந்திரேயாஸ் கார்ல்சன் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள். உருவான இடம் ஸ்டாக்ஹோமில் இருந்த ஷெய்ரான் ஸ்டுடியோ. பிரிட்னி ஸ்பியர்ஸின் 1998 முதல் ஹிட்டும் மேக்ஸ் மார்ட்டின் எழுதியதே. வரிகளுக்கு அர்த்தம் சரியாக வராது, ஆனால் வாயில் அப்படியே உட்காரும். அர்த்தம் சரியாக வருகிற மாதிரி மாற்றி ஒரு வடிவம் பதிவு செய்துபார்த்துவிட்டு, பழசே போதும் என்று விட்டார்கள். மெட்டுக்கு வார்த்தை உட்காருகிற கணக்கு நமக்குத் தெரியாததா என்ன?

ஷெய்ரானை 1992-ல் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் பாப். டிஜேவாக இருந்தவர், எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர். 1998-ல் 35 வயதில் இறந்துபோனார். 2000-ல் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. ஆனால் அவர் விட்டுப்போன பழக்கம் போகவில்லை: நாலைந்து பேர் ஒரே அறையில், ஒருத்தர் மெட்டை இன்னொருத்தர் திருத்தி, யார் பாட்டு என்று சண்டை போடாமல் வேலை செய்வது. அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஸ்வீடனில் நாற்பதுகளிலிருந்தே நகராட்சிகள் இசைப்பள்ளி நடத்துகின்றன. குறைந்த கட்டணத்தில் பிள்ளைகள் வாத்தியம் கற்கலாம். தன் வாழ்க்கைக்கே அந்தப் பொது இசைக்கல்விதான் காரணம் என்று மேக்ஸ் மார்ட்டின் சொல்லியிருக்கிறார்.

சரி, சங்கிலி எப்படிப் போகிறது என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். தொடக்கம் ராபின்.

ராபின் பதின்ம வயதிலேயே ஷெய்ரானில் பாடியவர். 1997-ல் அமெரிக்காவில் ஹிட்டான 'ஷோ மீ லவ்' பாட்டில் டென்னிஸ் பாப், மேக்ஸ் மார்ட்டின் இருவரின் கையும் இருக்கிறது. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் இன்னொரு பிரிட்னி ஆகியிருக்கலாம். சில வருஷம் கழித்து த நைஃப் குழுவோடு சேர்ந்து 'ஹூஸ் தட் கேர்ள்' என்ற பாட்டைச் செய்தார். அப்போதைய கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்து 2005-ல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கினார். 2007-ல் க்ளீருப் என்ற தயாரிப்பாளரோடு செய்த 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' இங்கிலாந்தில் முதலிடம் வந்தது. வழக்கமான பல்லவியே இல்லாத பாட்டு. நடுவில் தாளம் நின்று வயலின்கள் மட்டும் தனியாக நிற்கும். ஹிட் பாட்டு இப்படி இருக்கக்கூடாது என்கிற எல்லா விதியையும் மீறியது.

இப்போது க்ளீருப்பைப் பிடித்துக்கொண்டு போங்க. 2008-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டைப் பாடியவர் லிக்கே லீ. லிக்கே லீயின் முதல் ஆல்பம் 'யூத் நாவல்ஸ்', அதுவும் 2008. தயாரித்தவர் பியோர்ன் யூட்லிங். இவர் 'பீட்டர் பியோர்ன் அண்ட் ஜான்' குழுவின் நடு ஆள். அந்தக் குழுவின் 2006 ஹிட்டான, விசிலடிக்கிற 'யங் ஃபோக்ஸ்' பாட்டில் கூடப் பாடிய பெண் குரல் விக்டோரியா பெரிஸ்மன். அவர் 'டேக்கன் பை ட்ரீஸ்' என்ற பெயரில் தனியாகப் பாடுகிறார். 2009-ல் வந்த அவருடைய 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' ஆல்பம் பாகிஸ்தானுக்குப் போய் அங்குள்ள இசைக்கலைஞர்களோடு பதிவு செய்தது.

ஸ்டாக்ஹோம் நடனப் பாட்டிலிருந்து நாலே தாவலில் பாகிஸ்தான். 'இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்' என்கிற கணக்கு என்னை ஒருநாளும் அங்கே கொண்டுபோயிருக்காது. அது ஒரே மாதிரி சத்தம் உள்ளதைத்தான் பக்கத்தில் வைக்கும். மனுஷங்க ஒரே மாதிரி சத்தத்துக்காக மட்டும் சேர்றதில்லை.

ஆளில்லாத பெயர்கள்

இனி அந்தப் பியானோ ஆள்.

ஸ்பாட்டிஃபை ஸ்வீடன் கம்பெனி. 2006-ல் ஸ்டாக்ஹோமில் ஆரம்பித்து 2008-ல் மக்களுக்குத் திறந்தார்கள். உலகத்துக்கு மெட்டு ஏற்றுமதி செய்த ஊர், மெட்டைக் கேட்கிற கருவியையும் ஏற்றுமதி செய்தது. ஸ்டாக்ஹோமின் நாளிதழ் 'டாகன்ஸ் நீஹேட்டர்' 2022-ல் ஒரு புலனாய்வு வெளியிட்டது. பட்டியல்களில் ஓடுகிற 500-க்கு மேற்பட்ட 'கலைஞர்கள்' பின்னால் இருந்தவர்கள் சுமார் 20 பாடலாசிரியர்கள்தான். 2024-ல் அதே நாளிதழ் இன்னொன்று எழுதியது. ஒரே ஒரு ஸ்வீடன் இசையமைப்பாளர் 650-க்கும் மேற்பட்ட பெயர்களில் துண்டுகள் வெளியிட்டிருக்கிறார், அவை எல்லாம் சேர்த்துச் சுமார் 1,500 கோடி தடவை ஓடியிருக்கின்றன. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. புனைபெயர் வைத்துக்கொள்வது யாருடைய உரிமையும்தான். பெரும்பாலும் தூங்க, படிக்க, மனசை அமைதிப்படுத்த என்று போடுகிற பட்டியல்களுக்கான பியானோ, மெல்லிய இசை வகை.

நான் மூன்று ராத்திரி தேடிய ஆள் இந்த வகையா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் செய்தியைப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பெயரைச் சொடுக்கினால் கிடைப்பது இன்னும் பத்து துண்டுகள். பத்தும் ஒரே தரம். பத்தில் எது முதலில் வந்தது, எது கடைசி என்று கேட்டுச் சொல்ல முடியாது. அந்தக் கலைஞருக்கு நேற்று என்று ஒன்று இல்லை.

இங்கே என் பக்கத்துக்கே எதிராக ஒரு வாதம் உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. ஷெய்ரானும் முகமில்லாத தொழிற்சாலைதானே? பேக்ஸ்ட்ரீட் பையன்கள் முகம், உள்ளே ஸ்வீடன்காரர்கள். அதைச் சிலாகித்துவிட்டு இதை மட்டும் குறை சொல்லலாமா? ஸ்வீடன் பாப்பின் பெரிய குறையே அது மோசமாக இருக்காது என்பதுதான். எல்லாமே இழைத்து வழவழப்பாகச் செய்திருக்கும். சுமாரான ஸ்வீடன் பாட்டும் நல்ல பாட்டு மாதிரியே கேட்கும். யார் செய்தாலும் ஒரே தரம் என்கிற அந்த வழவழப்பில்தான் ஆளில்லாத பெயர்கள் சுலபமாகக் கலந்துவிடுகின்றன. ஒரு வகையில் அவை ஷெய்ரானின் பேரப்பிள்ளைகள். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கேசட் அட்டையின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், மேக்ஸ் மார்ட்டின் பெயர் இருந்தது. ஹாஸ்டலில் நாங்கள் யாரும் படிக்கவில்லை, அது எங்கள் சோம்பேறித்தனம். படித்திருந்தால் வழி இருந்தது.

அப்போ என்னதான் வித்தியாசம்?

ஸாலி ஷபீரோவுக்கும் பியானோ ஆளுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது? இரண்டு பேர் பெயரும் பொய். இரண்டு பேர் முகமும் தெரியாது. யோசித்து யோசித்து மூன்று கேள்விகளில் வந்து நின்றேன்.

ஒன்று, இவருக்குக் காலம் இருக்கிறதா? த நைஃப் 2003-ல் செய்த 'டீப் கட்ஸ்' ஆல்பத்தையும் 2006 'சைலன்ட் ஷௌட்' ஆல்பத்தையும் அடுத்தடுத்து கேளுங்கள். முதலாவது பொம்மைக் கடை மாதிரி கலர் கலராக, கொஞ்சம் அசட்டுத்தனமாகக்கூட இருக்கும். இரண்டாவதில் விளக்கை எல்லாம் அணைத்திருப்பார்கள். நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. 2013-ன் 'ஷேக்கிங் த ஹாபிச்சுவல்' இன்னும் ஒரு படி மேலே போய், கேட்கிறவர்களைத் துரத்தியே விடுகிறது. எனக்கு அதில் பாதி பிடிக்காது. ஆனால் பிடிக்காமல் போகிற அளவுக்கு அவர்கள் எங்கேயோ போயிருக்கிறார்கள்.

இரண்டு, இவர் எதையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா? ராபின் ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார். த நைஃப் விருது மேடையை. ஸாலி ஷபீரோ மேடையையே. பட்டியலுக்கென்று செய்த பெயர் எதையும் மறுக்க முடியாது. அது தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது.

மூன்று, பக்கத்தில் வேறு பெயர் இருக்கிறதா? ஸாலியின் முகம் தெரியாது, ஆனால் யொஹான் அகெபியோர்னைத் தெரியும். அவர் வழியாக இத்தாலிய டிஸ்கோவுக்குப் போகலாம், திரும்பி வரலாம். பியானோ ஆளுக்கு அக்கம்பக்கமே இல்லை.

இதில் என்ன போச்சு என்று கேட்டால், போவது கேட்கிறவனின் கவனம். ஒரு கலைஞர் மேல் வைக்கிற கவனம் சேமிப்பு மாதிரி. இன்றைக்குக் கேட்ட பாட்டு நாளைக்கு வரப்போகும் பாட்டுக்குக் காதைத் தயார் செய்கிறது. ஸாலி ஷபீரோ சில வருஷம் ஒதுங்கியிருந்துவிட்டு 2022-ல் 'ஸேட் சிட்டீஸ்' ஆல்பத்தோடு வந்தபோது எனக்கு ஒரு பழைய சிநேகிதி ஊர் திரும்பிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பாதி அந்த ஆல்பத்தில் இல்லை, முந்தைய பதினைந்து வருஷக் கேட்பில் இருக்கிறது. காலம் இல்லாத பெயரில் போட்ட கவனம் அப்படியே ஆவியாகிவிடுகிறது.

கவனம் மட்டுமில்லை, காசும்தான். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் அந்தப் பதிவுக்குப் பங்கு. 1,500 கோடி ஒரு பக்கம், ஆயிரம் இன்னொரு பக்கம். கோதன்பர்க்கிலோ மால்மோவிலோ படுக்கையறையில் சின்தசைசரோடு உட்கார்ந்திருக்கிற ஒரு புதுப் பெண்ணுக்கு அந்த ஆயிரத்தில் ஒன்று என்னுடையதாக இருக்கலாம். அவளுக்குப் போக வேண்டியதை நான் தூக்கக் கலக்கத்தில் யாருமில்லாத ஒரு பெயருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் தேர்ந்தெடுக்காமல் விட்டதுதான் காரணம்.

இந்த வழியில் கிடைத்தவர்கள்

ராபினின் 2010 பாட்டு 'டான்சிங் ஆன் மை ஓன்'. கூட எழுதித் தயாரித்தவர் பாட்ரிக் பெரியர். சின்தசைசர் பேஸ் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும், மூச்சு விடாது. மூலையில் தனியாக நின்று, தன் பழைய காதலன் வேறொருத்தியோடு ஆடுவதைப் பார்க்கும் பெண்ணின் பாட்டு. அழுதால் நின்றுவிடுவோம் என்பதற்காக ஆடிக்கொண்டே இருக்கிறாள். ஸ்வீடன் எலக்ட்ரோபாப்பை ஒரே பாட்டில் விளக்கச் சொன்னால் இதைத்தான் போடுவேன்.

பெரியரைப் பிடித்துப் போனால் 2012-ல் ஐக்கானா பாப் பாடிய 'ஐ லவ் இட்'. அதை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஆங்கிலப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ். சார்லியின் 2017 'பாப் 2' தொகுப்பில் ஸ்டாக்ஹோமின் டூவே லூ பாடியிருக்கிறார். அதைத் தயாரித்த ஏ.ஜி. குக் நடத்திய லேபிள் பிசி மியூசிக். அந்த லேபிளில் ஒரு ஸ்வீடன் பெண்: நமசெண்டா. 2021-ல் அவருடைய 'அன்லிமிடெட் அம்மோ' வந்தது. ராபினின் பேத்தி மாதிரி தெரிகிறார், ஆனால் வேறு ரத்தம். கண்ணாடி மாதிரி மினுக்குகிற சின்தசைசர், கீழே சுத்தியல் அடி, குரலில் இயந்திரப் பூச்சு. முதல் கேட்பில் எல்லாம் மேல்பூச்சு என்று தள்ளிவைத்தேன். மூன்றாவது தடவைதான் அந்தப் பூச்சு ஒரு கவசம் என்று பட்டது. ராபின் காயத்தைக் காட்டிக்கொண்டே ஆடினார், இவர் காயத்தின் மேல் குரோம் பூசிவிட்டு ஆடுகிறார். குறை என்னவென்றால், தொகுப்பு முழுக்க அதே வெப்பநிலை. ஓரிடத்திலாவது கவசம் கழன்றிருக்கலாம்.

அடுத்தவர் கோப்ரா. சொந்த லேபிளில் 2019, 2021, 2023 என்று மூன்று சின்னத் தொகுப்புகள் வழியாக வளர்ந்தவர். கிளப் இசை, கனத்த பேஸ், பாட்டை விடப் பேச்சுக்குப் பக்கமான குரல், ரப்பரும் லேடெக்ஸுமாக உடை. ஆபீஸில் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், விஷயம் பெரியவர்களுக்கானது. எனக்குப் பிடித்தது அவருடைய சிக்கனம். ஒரு பேஸ், ஒரு தாளம், ஒரு குரல், அவ்வளவுதான். ஸ்வீடன் வழவழப்புக்கு எதிர்ப்பக்கம் இது. முதல் தொகுப்பில் வெறும் அதிகாரமாக இருந்த குரல் 2023-க்கு வரும்போது சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. காலம் இருக்கிறது என்றேனே, அதுதான்.

வழி எங்கே உடைகிறது

இவ்வளவு சொன்ன பிறகு ஓட்டையையும் காட்டிவிடுகிறேன். இந்த 'யார் எழுதினது' வழி, ஏற்கனவே ஆள் தொடர்பு இருப்பவர்களைத்தான் காட்டும். பெரிய ஸ்டுடியோ, பெரிய தயாரிப்பாளர், அவருடைய சிநேகிதர். சங்கிலியைத் திரும்பப் பாருங்கள். முகப்பில் பெண்கள், தயாரிப்பாளர் இடத்தில் பெரும்பாலும் ஆண்கள். த நைஃப் கொரில்லா வேஷத்தில் எழுதி அனுப்பிய '50/50' என் தேடலுக்கும் பொருந்துகிறது. இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

கவனிக்க வைத்தவர் மோலி நில்சன். ஸ்டாக்ஹோமில் பிறந்து பெர்லினில் வாழ்பவர். எழுதுவது, வாசிப்பது, பதிவு செய்வது, வெளியிடுவது எல்லாம் அவரே. 2008-லிருந்து இப்படித்தான், சொந்த லேபிளில். அவர் பெயருக்குப் பக்கத்தில் வேறு பெயரே இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், மற்ற எதோடும் இணையாத தனிப்புள்ளி. என் மூன்றாவது கேள்வியில் அவரும் தோற்றுவிடுவார், அந்தப் பியானோ ஆள் மாதிரியே!

அவர் எனக்குக் கிடைத்தது வேறு வழியில். அமெரிக்கரான ஜான் மாஸ் 2011-ல் ஒரு ஆல்பத்தில் 'ஹே மூன்' என்ற பாட்டைப் பாடியிருந்தார். மற்ற பாட்டுகளிலிருந்து அது தனியாக நின்றது. யார் எழுதியது என்று பார்த்தால் மோலி நில்சன். மலிவான கீபோர்டு சத்தம், உணர்ச்சியே காட்டாத தாழ்ந்த குரல். ஸ்டாக்ஹோம் ஸ்டுடியோக்காரர்கள் கேட்டால் பாதியில் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தத் திருத்தாத ஓரங்களில்தான் அவர் இருக்கிறார். பத்து வினாடி கேட்டால் போதும், இவர்தான் என்று தெரிந்துவிடும். யாரோ ஒருத்தர் அவரை விரும்பி, அவர் பாட்டைத் தன் குரலில் பாடி, அவர் பெயரையும் போட்டதால் எனக்கு வழி கிடைத்தது.

அதனால் மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு, இவரை யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்கிறேன். 650 பெயர்களில் ஒன்றின் பாட்டை யாராவது மேடையில் திரும்பப் பாடியிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து நான் கேள்விப்பட்டதில்லை.

போன வாரம் ராத்திரி மோலி நில்சன் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். "இது யாரு, உங்க பழைய பியானோக்காரரா?"

"இல்லம்மா, இவங்க மோலி. 2008-லேர்ந்து தனியா எல்லாத்தையும் செய்யறாங்க. இது நல்லா இருக்கா பாரு, இதுக்கு முந்தின ஆல்பம் இன்னும் நல்லா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது. 'இதுக்கு முந்தினது' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பியானோக்காரர் விஷயத்தில் என்னால் சொல்லவே முடிந்திருக்காது. அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அவள் அதற்குள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தாள்.